பொது நூற்பட்டியலில் இணையவழி வளங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணைவுக் கல்லூரிகளின் நூலகர்களும், எங்கள் பட்டியலாக்கப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களும், சில வேளைகளில் துறைப் பேராசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறோம். நாங்கள் கோஹா என்னும் நூலக மேலாண்மை மென்பொருளையும், நூற்பதிவுகளைக் கணினி படிக்கும்படி எண்ணிட்ட புலங்களாகப் பிரித்து எழுதும் மார்க் 21 வடிவத்தையும் பயன்படுத்துவதால் எடுத்துக்காட்டுகள் அவற்றிலிருந்தே வருகின்றன. வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும், அது மார்க் 21 வடிவத்தை ஏற்குமானால், புல எண்கள் மாறமாட்டா.

கூகுளில் தேடினாலே கிடைக்கும் ஒன்றை நூலகப் பட்டியலில் எதற்காக ஏற்ற வேண்டும்?

சந்தா கட்டி வாங்கிய மின்னூலைக் கூகுள் காட்டத்தான் செய்கிறது. ஆனால் அதை நம் நூலகத்தின் வழியாகப் பணம் கட்டாமல் படிக்கலாம் என்பதை அது சொல்வதில்லை. பதிப்பாளரின் பக்கத்தில் விலையைப் பார்த்த மாணவர் அப்படியே திரும்பிவிடுகிறார். நூலகம் ஏற்கெனவே கொடுத்த பணம் அந்த இடத்தில் வீணாகிறது.

இன்னொரு காரணம் அரிய நூல்கள். உ. வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பித்த சிலப்பதிகாரம் ஒரு நூலகத்தின் அரிய நூல் பிரிவில் இருக்குமானால், அதை வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள்; உள்ளேயே புரட்டிப் பார்ப்பதற்கும் பெரும்பாலும் எழுதிக்கொடுத்து அனுமதி பெற வேண்டியிருக்கும். அதே பதிப்பின் படிம நகல் ஏதேனும் ஒரு மின்னூலகத்தில் கிடைத்தால், அச்சுப் பிரதியின் பதிவிலேயே அந்த வழியையும் காட்டுவது படிப்பவருக்கும் நல்லது, தொட்டால் உதிரும் நிலையில் உள்ள தாளுக்கும் நல்லது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதை நூலகவியலின் ஐந்து விதிகளுள் ஒன்றாக 1931இல் வகுத்த எஸ். ஆர். அரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்தவர். அவர் அப்போது எண்ணிப் பார்த்தவை அட்டைகளும் அலமாரிகளும்தாம். இணைப்புகளுக்கும் அவ்விதி ஒரு சொல்கூட மாறாமல் பொருந்துகிறது.

எவற்றை ஏற்றுகிறீர்கள், எவற்றை விட்டுவிடுகிறீர்கள்?

நூலகம் விலை கொடுத்து நிரந்தரமாக வாங்கிய மின்னூல்கள், சந்தா செலுத்தும் தரவுத்தளங்கள், எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகள், துறையினர் பரிந்துரைத்த கட்டணமில்லா வளங்கள் ஆகியவற்றை ஏற்றுகிறோம். ஒரு மாதச் சோதனை அணுகலுக்காகப் பதிப்பாளர் திறந்துவிடும் தொகுப்புகளை ஏற்றுவதில்லை. அவற்றை நூலக இணையதளத்தின் அறிவிப்புப் பகுதியில் போடுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். தனித்தனிக் கட்டுரைகளையும் ஏற்றுவதில்லை. யாரோ ஒருவர் தம் வலைத்தளத்தில் உரிமையின்றி ஏற்றிவைத்திருக்கும் பிடிஎஃப் கோப்புக்கு, அது எவ்வளவு பயனுள்ளதாக இருந்தாலும், இணைப்புக் கொடுப்பதில்லை. எங்கள் பட்டியலில் ஒன்று இருக்கிறதென்றால் அதற்கு நூலகம் பொறுப்பேற்கிறது என்று பொருள்.

‘ஒரே நாடு ஒரே சந்தா’வில் வரும் எல்லா இதழ்களையும் பட்டியலில் ஏற்றிவிட்டீர்களா?

இல்லை, ஏற்றும் எண்ணமும் இல்லை. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இத்திட்டம், 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை மத்திய, மாநில அரசுகளின் மேலாண்மையில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களுக்கு வழங்குகிறது. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது. அத்தனை இதழ்களுக்கும் ஒவ்வொரு பதிவு என்று ஏற்றினால், ‘வேதியியல்’ என்று தேடுகிற இளங்கலை மாணவருக்கு முதல் பத்துப் பக்கமும் இதழ்ப் பெயர்களாகவே வரும். அவர் தேடி வந்த பாடநூல் அடியில் போய்விடும். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் எந்த இதழ் நிற்கும், எது போகும் என்பதும் நம் கையில் இல்லை.

ஆகவே பதிப்பகத் தளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு போட்டிருக்கிறோம். அச்சு வடிவில் முன்பு நாங்கள் வாங்கி நூற்கட்டடம் (பைண்டிங்) செய்து வைத்திருக்கும் இதழ்களுக்கும், துறைகள் எழுதிக் கேட்ட இதழ்களுக்கும் மட்டும் தனிப்பதிவுகள் உண்டு. இது எங்கள் தீர்மானம்; வேறு பல்கலைக்கழகங்கள் வேறு விதமாகச் செய்வதில் தவறில்லை.

அரசு மேலாண்மையில் இல்லாத சுயநிதிக் கல்லூரிகள் இத்திட்டத்துக்குள் வருவதில்லை என்பதை அக்கல்லூரி நூலகர்கள் கவனிக்க வேண்டும். எங்கள் பட்டியலிலிருந்து பதிவுகளை அப்படியே நகலெடுத்துத் தங்கள் பட்டியலில் போட்டுக்கொண்டால், திறக்காத கதவுகளைத் தங்கள் மாணவர்களுக்குக் காட்டுவதாக ஆகிவிடும்.

அச்சு நூலின் பதிவு ஏற்கெனவே இருக்கிறது. மின்வடிவத்துக்குத் தனிப்பதிவு போடுவதா, பழைய பதிவிலேயே இணைப்பைச் சேர்ப்பதா?

இந்தக் கேள்வியில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரே பதிவில் சேர்த்தால் வாசகர் ஒரே இடத்தில் இரண்டையும் பார்க்கிறார். அலமாரிப் பிரதி வெளியே போயிருந்தாலும் இணைப்பைச் சொடுக்கிப் படிக்கிறார். தனித்தனியாகப் போட்டால் ஒரே தலைப்பு இரண்டு முறை வந்து குழப்புகிறது. ஆனால் ஒவ்வொரு பதிவும் தான் விவரிக்கும் பொருளைப் பிழையின்றி விவரிக்கிறது.

முன்பு நாங்கள் எல்லாவற்றையும் பழைய பதிவிலேயே சேர்த்துவந்தோம். ஒரு பதிப்பாளருடன் இருந்த ஒப்பந்தம் முடிந்தபோதுதான் அதன் வலி தெரிந்தது. அச்சுப் பிரதிகளின் பதிவுகளுக்குள் சிதறிக் கிடந்த அந்த இணைப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. பதிவை மொத்தமாக அழிக்க முடியாது, ஏனென்றால் அலமாரியில் புத்தகம் இருக்கிறது. ஒவ்வொரு பதிவாகத் திறந்து, சரியான இணைப்புதானா என்று பார்த்து நீக்கினோம்.

அதன்பின் ஒரு வழக்கத்துக்கு வந்தோம். கட்டணமில்லாமல் கிடைக்கும், அதே பதிப்பின் படிம நகல் என்றால் அச்சுப் பதிவிலேயே இணைப்பைச் சேர்க்கிறோம். சந்தாவாகவோ தொகுப்பாகவோ வாங்கியது என்றால் தனிப்பதிவு போட்டு, 776ஆம் புலத்தின் மூலம் இரண்டு பதிவுகளையும் ஒன்றோடொன்று கோத்துவிடுகிறோம். பணமும் காலக்கெடுவும் உள்ள ஒன்றைப் பட்டியலிலிருந்து ஒரு நாள் எடுக்க வேண்டிவரும். எடுக்கும்போது பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து பெயர்ந்து வரக்கூடாது.

மின்னூலின் பதிவு அச்சு நூலின் பதிவிலிருந்து எந்தெந்த இடங்களில் மாறுகிறது?

240 பக்கமுள்ள ஒரு தமிழ் மின்னூலை எடுத்துக்கொள்வோம். 008ஆம் புலத்தில் நூலுக்கும் இதழுக்கும் 23ஆம் இடத்தில் இணையவழியைக் குறிக்கும் ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து வர வேண்டும். நிலப்படத்துக்கும் காணொளிக்கும் இதே குறி 29ஆம் இடத்தில் வரும். பலர் இந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள், விட்டுவிட்டுப் பிறகு ‘மின்வளங்கள் மட்டும்’ என்று வடிகட்டினால் பாதி காணவில்லையே என்று கேட்கிறார்கள். 300ஆம் புலத்தில் ‘240 பக்கங்கள்’ என்று மட்டும் எழுதாமல் ‘1 இணையவழி வளம் (240 பக்கங்கள்)’ என்று எழுதுகிறோம். உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதும் வேலை இங்கே இல்லை. ஆர்டிஏ என்னும் பட்டியலாக்க விதிகளின்படி 336, 337, 338 ஆகிய மூன்று புலங்களில் முறையே ‘உரை’, ‘கணினி’, ‘இணையவழி வளம்’ என்பவற்றைக் குறிக்கும் சொற்களும் குறியீடுகளும் வருகின்றன. எதைப் பார்த்து விவரித்தோம் என்பதை 588ஆம் புலத்தில் சொல்கிறோம்.

ஐஎஸ்பிஎன் என்னும் நூல் அடையாள எண்ணை எழுதும் 020ஆம் புலத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். மின்னூலுக்கு என்று தனி ஐஎஸ்பிஎன் இருந்தால் அது ‘ஏ’ துணைப்புலத்தில் (புலத்துக்குள் ஓர் எழுத்தாலோ எண்ணாலோ குறிக்கப்படும் பகுதி) வர வேண்டும். அச்சு நூலின் ஐஎஸ்பிஎன் அதே பதிவில் இருக்கலாம், ஆனால் ‘இசட்’ துணைப்புலத்தில்தான் இருக்க வேண்டும். இந்த ஓரெழுத்து வேறுபாட்டை மறந்தால் என்ன ஆகும் என்பதைப் பதிப்பாளர் அனுப்பும் மார்க் கோப்பு பற்றிய கேள்வியில் சொல்கிறோம்.

பழைய நூலின் படிம நகலுக்குத் தனிப்பதிவு போட நேர்ந்தால், வெளியீட்டு ஆண்டாக மூல நூலின் ஆண்டையே எழுதுகிறோம். 1892ஆம் ஆண்டுப் பதிப்பை எவரோ சில ஆண்டுகளுக்கு முன் ஸ்கேன் செய்தார் என்பதற்காக அது இந்த நூற்றாண்டின் நூலாகிவிடாது.

856ஆம் புலத்தை எப்படி நிரப்புவது?

இணைய முகவரி குடியிருக்கும் புலம் இதுதான். புல எண்ணை அடுத்து வரும் இரண்டு குறியெண்களை இண்டிகேட்டர் என்பார்கள். முதல் இண்டிகேட்டர் 4 என்றால் வழக்கமான வலை முகவரி என்று பொருள்; நம் வேலையில் கிட்டத்தட்ட எப்போதும் அதுவே. இரண்டாவது இண்டிகேட்டர் சிந்தித்துப் போட வேண்டியது. பதிவு விவரிக்கும் வளமே அந்த முகவரியில் இருந்தால் 0. பதிவு அச்சு நூலை விவரிக்க, முகவரியில் அதன் மின்வடிவம் இருந்தால் 1. முகவரியில் இருப்பது அந்த நூலே அல்ல, அதனோடு தொடர்புடைய ஏதோ ஒன்று என்றால் 2.

வெளியிலிருந்து இறக்கிக்கொள்ளும் பதிவுகளில் நூலின் பொருளடக்கத்துக்கோ பின்னட்டைக் குறிப்புக்கோ இணைப்பு இருப்பதுண்டு. அதற்கு 0 போட்டுவிட்டால், முழு நூலும் திறக்கும் என்று நம்பிச் சொடுக்கும் வாசகருக்கு இரண்டு பக்கப் பட்டியல் ஒன்றுதான் கிடைக்கும். அப்படிப்பட்ட இணைப்புக்கு 2 போட்டு, ‘3’ என்ற துணைப்புலத்தில் ‘பொருளடக்கம் மட்டும்’ என்று எழுதுங்கள். முகவரி ‘யூ’ துணைப்புலத்திலும், வாசகர் சொடுக்கும் சொற்கள் ‘ஒய்’ துணைப்புலத்திலும், அவருக்கான குறிப்பு ‘இசட்’ துணைப்புலத்திலும் வரும். நீண்ட முகவரியை அப்படியே திரையில் காட்டுவதைவிட ‘முழு நூலைப் படிக்க’ என்று காட்டுவது மேல். ‘இங்கே சொடுக்கவும்’ என்று எழுதுவதை நாங்கள் விட்டுவிட்டோம். சொடுக்கினால் என்ன வரும் என்பதை அச்சொற்கள் சொல்வதில்லை.

உலாவியின் முகவரிப் பட்டையில் இருப்பதை நகலெடுத்து ஒட்டினால் போதாதா?

பெரும்பாலும் போதாது. தேடிக் கண்டுபிடித்த பக்கத்தின் முகவரியில் நீங்கள் தட்டச்சிய தேடுசொல்லும், அன்றைய அமர்வுக்கான எண்ணும் ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் கணினியில் இன்று திறப்பது நாளை மற்றொருவருக்குத் திறக்காது. டிஓஐ என்னும் நிலையான அடையாள எண் இருந்தால் அதையே முழு முகவரியாக எழுதுங்கள். பதிப்பாளர் தம் தளத்தை மாற்றினாலும், டிஓஐ காட்டும் இலக்கை அவர் புதுப்பிக்கும்வரை உங்கள் பதிவைத் தொட வேண்டியதில்லை.

ஆய்வேடுகளை ஏற்றுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறைகளையொட்டி ஆய்வேடுகளின் மின்பிரதிகள் சோத்கங்கா களஞ்சியத்தில் சேர்க்கப்படுகின்றன. அங்கே ஒரே ஆய்வேடு தலைப்புப் பக்கம், சான்றிதழ், முதல் இயல், இரண்டாம் இயல் என்று பல கோப்புகளாகப் பிரிந்து கிடக்கும். அவசரத்தில் முதலில் கண்ணில்பட்ட பிடிஎஃப் கோப்பின் முகவரியை ஒட்டினால் வாசகருக்கு வழிகாட்டியாரின் சான்றிதழ் மட்டும் திறக்கும். இயல்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும் பக்கத்துக்கு ‘ஹேண்டில்’ எனப்படும் நிலையான முகவரி ஒன்று உண்டு; 10603 என்று தொடங்கும் எண்ணோடு அது அந்தப் பக்கத்திலேயே கொடுக்கப்பட்டிருக்கும். அதைத்தான் எழுத வேண்டும். ஆய்வேட்டின் பட்டம், பல்கலைக்கழகம், ஆண்டு ஆகியவற்றை 502ஆம் புலத்தில் எழுத மறக்காதீர்கள்.

வளாகத்தில் திறக்கும் இணைப்பு விடுதியில், வீட்டில் திறப்பதில்லை. பட்டியலில் பிழையா?

பிழை பட்டியலில் இல்லை. ஆனால் முன்கூட்டியே சொல்லாதது பட்டியலின் குறைதான். பதிப்பாளர்கள் பலர் பல்கலைக்கழகத்தின் ஐபி முகவரியை (இணையத்தில் கணினியை அடையாளம் காட்டும் எண்) பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். கைப்பேசியின் சொந்த இணையத்தில் வருபவரை அவர்களுக்கு அடையாளம் தெரியாது. வெளியிலிருந்து படிக்க, நூலகத்தின் ப்ராக்ஸி (இடைநிலைச் சேவையகம்) வழியாகவோ, இன்ஃப்லிப்நெட் நடத்தும் இன்ஃபெட் என்னும் உள்நுழைவுக் கூட்டமைப்பின் வழியாகவோ உள்நுழைய வேண்டும். கல்லூரிகளுக்கு மின்வளங்கள் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகளில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் கொடுப்பார்கள்.

இணைப்புக்குக் கீழே ‘கட்டுப்பாடு உண்டு’ என்று எழுதுவதால் ஒருவருக்கும் பயனில்லை. நாங்கள் எழுதுவது இப்படி: ‘வளாகத்தில் நேரடியாகத் திறக்கும். வெளியிலிருந்து படிக்க, நூலக உறுப்பினர் எண்ணையும் கடவுச்சொல்லையும் கொண்டு உள்நுழைக.’ யார் படிக்கலாம், எங்கிருந்து, எதைக் கொண்டு என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. முழுப் பதிவுக்கும் பொருந்தும் கட்டுப்பாடு என்றால் 506ஆம் புலத்திலும் எழுதுகிறோம்.

ப்ராக்ஸி முன்னொட்டைப் பதிவுக்குள் முகவரியோடு சேர்த்து எழுதிவைப்பது வசதியாகத் தோன்றும். ப்ராக்ஸியின் பெயர் மாறும் நாளில் எல்லாப் பதிவுகளையும் திருத்த வேண்டிவரும் என்பதை நினைவில் வைத்துச் செய்யுங்கள். அதிலும் கட்டணமில்லாத வளங்களுக்கு அந்த முன்னொட்டைப் போடவே கூடாது.

பதிப்பாளர் அனுப்பும் மார்க் கோப்பை அப்படியே கோஹாவில் ஏற்றிவிடலாமா?

ஏற்றலாம், பிறகு வருந்தலாம். ஒருமுறை மின்னூல் தொகுப்பு ஒன்றுக்காக வந்த கோப்பில், அச்சு நூல்களின் ஐஎஸ்பிஎன்கள் எல்லாம் 020ஆம் புலத்தின் ‘ஏ’ துணைப்புலத்தில் இருந்தன. எங்கள் பொருத்த விதி ஐஎஸ்பிஎன் ஒத்துப்போனால் பழைய பதிவின்மேல் புதியதை எழுதும்படி அமைக்கப்பட்டிருந்தது. மறுநாள் காலையில் வழங்கல் மேசைக்கு வந்த மாணவி ஒருவர், கையில் நூலை வைத்துக்கொண்டே, ‘பட்டியலில் இது இணையவழி வளம் என்று போட்டிருக்கிறதே, அப்படியானால் இதை நான் எடுத்துப் போகலாமா?’ என்று கேட்டார். அலமாரியில் இருந்த நூல்களின் பதிவுகள் பல இரவோடு இரவாக மின்னூல்களாகியிருந்தன. நாங்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்திருந்த தமிழ்ப் பொருட்தலைப்புகளும் அவற்றோடு போயிருந்தன. கோஹாவில் ஏற்றிய தொகுப்பைத் திரும்பப் பெறும் வசதி இருந்ததால் தப்பினோம்.

இப்போது எந்தக் கோப்பையும் முதலில் மார்க்எடிட் என்னும் இலவச மென்பொருளில் திறந்து பார்க்கிறோம். ஐஎஸ்பிஎன்கள் எந்தத் துணைப்புலத்தில் இருக்கின்றன, 008இல் ‘ஓ’ இருக்கிறதா, முகவரிகள் நம் கணக்குக்கு உரியவையா அல்லது பொது விளம்பரப் பக்கத்துக்குப் போகின்றனவா என்று பார்க்கிறோம். இருபது முப்பது இணைப்புகளைக் கையால் திறந்து பார்க்காமல் எந்தக் கோப்பும் மேலே போவதில்லை. பிறகு, இந்தத் தொகுப்பின் பெயரையும் ஏற்றிய மாதத்தையும் சுட்டும் ஒரு குறியை நூலகத்தின் சொந்தப் பயன்பாட்டுக்கான 9இல் தொடங்கும் புலம் ஒன்றில் எல்லாப் பதிவுகளிலும் ஒரே அடியில் சேர்க்கிறோம். பின்னொரு நாள் அந்தத் தொகுப்பை மட்டும் தேடிப் பிடிக்க அந்தக் குறி ஒன்றுதான் துணை. கடைசியில், கோஹாவின் தற்காலிக இருப்பில் வைத்து, எத்தனை பதிவுகள் பழையவற்றோடு பொருந்துகின்றன என்ற எண்ணிக்கையைப் பார்த்த பிறகே பட்டியலுக்குள் விடுகிறோம்.

ஒரே மின்னூலை இரண்டு நிறுவனங்கள் தருகின்றன. இரண்டு பதிவுகள் வேண்டுமா?

வேண்டாம். பிசிசி எனப்படும் பன்னாட்டுக் கூட்டுப் பட்டியலாக்கத் திட்டம் 2009 முதல் பரிந்துரைத்துவரும் முறைப்படி, எந்த நிறுவனம் தருகிறது என்பதைப் பதிவின் விவரிப்பில் கலக்காமல் ஒரே பதிவு போட்டு, 856ஆம் புலத்தை மட்டும் இரண்டு முறை எழுதினால் போதும்.

மின்னிதழ்களில் ‘எந்த ஆண்டு முதல்’ என்பதை எங்கே சொல்வது?

இணைப்புக்குப் பக்கத்திலேயே, 856இன் ‘3’ துணைப்புலத்தில். இதழ் 1950இல் தொடங்கியிருக்கலாம். நம் சந்தா 1997க்குப் பிந்தையவற்றை மட்டும் திறக்கலாம். பதிவில் தொடக்க ஆண்டை மட்டும் பார்த்துவிட்டு 1962ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தேடி வருபவர் ஏமாந்து போவார். ‘1997 முதல் இன்றுவரை’ என்று எழுதுங்கள். அண்மை ஆண்டுகளின் இதழ்களை மறைத்து, காலம் நகர நகர ஒவ்வோர் ஆண்டாகத் திறந்துவிடும் தளங்களும் உண்டு; ஜேஸ்டோர் அதற்குப் பெயர்பெற்றது. அவற்றுக்கு முடிவாண்டை எழுதினால் அடுத்த ஆண்டே தவறாகிவிடும் என்பதால், ‘அண்மைய மூன்று ஆண்டுகள் நீங்கலாக’ என்பது போல் எழுதுகிறோம்.

அச்சிதழுக்கும் மின்னிதழுக்கும் ஐஎஸ்எஸ்என் என்னும் இதழ் அடையாள எண் வேறு வேறாக இருக்கும். மின்னிதழின் பதிவில் அதற்குரியதை 022இலும், அச்சிதழின் எண்ணை 776இலும் கொடுங்கள். இதழ்த் தொகுப்பு பெரியதென்றால் பதிப்பாளரிடம் கேபார்ட் என்னும் பொது வடிவில் அமைந்த இதழ்ப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தலைப்பு, இரண்டு ஐஎஸ்எஸ்என்கள், முதல் இதழின் நாள், கடைசி இதழின் நாள், முகவரி, தடைக்காலம் எல்லாம் நிரல்நிரலாக ஒரே அட்டவணையில் இருக்கும். அதைக் கையால் தட்டச்சுவது வீண் வேலை.

தமிழ்த் தலைப்பைத் தமிழெழுத்தில் எழுதுவதா, ரோமன் எழுத்திலா?

தமிழெழுத்தில் எழுதுங்கள். மென்பொருள் தமிழைக் காட்டாத காலத்தில் ரோமன் எழுத்துக்கு மாற்றி எழுதும் வழக்கம் வந்தது. அதற்கான காரணம் இன்று இல்லை. ரோமன் வடிவமும் வேண்டுமென்றால் 880ஆம் புலம் இரண்டு எழுத்து வடிவங்களையும் இணைத்து வைத்துக்கொள்ள இடம் தருகிறது. ஒலிபெயர்ப்பு நெறிப்படி ‘சிலப்பதிகாரம்’ என்பதன் முதலெழுத்து ஆங்கில ‘சி’. வாசகர் தட்டச்சுவதோ ‘எஸ்’. அவர் இடையில் வரும் தகரத்துக்கு ‘டி’ போடுவாரா ‘டிஹெச்’ போடுவாரா என்பதும் யாருக்கும் தெரியாது. ரோமன் வடிவத்தை மட்டும் நம்பிய பட்டியலில் தமிழ் நூல்கள் இருந்தும் இல்லாதவைபோல் ஆவது இதனால்தான்.

தமிழெழுத்தில் எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஔகாரத்தைத் தட்டச்சுவோரில் பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்துவிடுகிறார்கள். திரையில் ‘ஔவையார்’ என்பதும் ‘ஒளவையார்’ என்பதும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். ‘கௌதமன்’ என்பதைக் கொம்பும் ளகரமுமாக ‘கெளதமன்’ என்று அடித்துவைத்திருக்கும் பதிவுகள் எங்கள் பட்டியலிலும் இருந்தன. ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் தரலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் தரலாம். கண்ணுக்கு வேறுபாடே இல்லை. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய தரவுகளில் காலுக்குப் பதிலாக ரகரம் உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறோம்.

இதற்கு நாங்கள் செய்வது மூன்று. ஏற்றும் கோப்பு எதுவானாலும் யூனிகோடின் ஒருங்கிணைந்த வடிவத்துக்கு முதலில் மாற்றிவிடுகிறோம். ‘ஒள’, ‘கெள’ போன்ற தொடர்களைத் தேடி, உண்மையிலேயே ளகரம் வர வேண்டிய ‘ஒளி’, ‘ஒளிவு’ போன்ற சொற்களை விட்டுவிட்டு மற்றவற்றைத் திருத்துகிறோம். இதைக் கண்ணால் பார்த்துத்தான் செய்ய வேண்டும், மொத்தமாக மாற்றினால் ‘ஒளி’ ‘ஔி’யாகிவிடும். வாசகர்கள் பிழையாகத் தட்டச்சக்கூடிய வடிவத்தை 246ஆம் புலத்தில் மாற்றுத் தலைப்பாகவும் சேர்க்கிறோம்; பட்டியலில் பிழையை எழுதிவைப்பதா என்று தமிழ்த்துறையில் ஒருவர் கடிந்துகொண்டார், ஆனால் தேடுகிறவர் கண்டடைவது எங்களுக்கு முக்கியம். கோஹாவில் ஸீப்ரா தேடுபொறியைப் பயன்படுத்துவோர், அது ஐசியூ முறையில் (யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் முறை) நிறுவப்பட்டிருக்கிறதா என்று கணினிப் பிரிவிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் தமிழ்ச் சொற்கள் தேடலில் சரிவர அகப்படமாட்டா.

கட்டணமில்லாத் தமிழ் வளங்களை எங்கிருந்து எடுக்கிறீர்கள்? உரிமைச் சிக்கல் வராதா?

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கு நூலகம் நிறுவனத்தின் தளம் ஆகியவை எங்கள் முதல் இடங்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை இருக்கிறது. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் ஆக்கங்களை அதற்கு முன்பும் பயன்படுத்தலாம். நாம் கோப்பை ஏற்றுவதில்லை, இணைப்புத்தான் கொடுக்கிறோம். என்றாலும் தளம் தெரிவிக்கும் பயன்பாட்டு நிபந்தனையை 540ஆம் புலத்தில் எழுதிவிடுகிறோம்.

ஒன்றைக் கவனியுங்கள்: மதுரைத் திட்டத்தில் இருப்பது பெரும்பாலும் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்த உரை, படிம நகல் அல்ல. பாடவேறுபாடு பார்க்கும் ஆய்வாளருக்கு இரண்டும் ஒன்றல்ல என்பதால், அச்சுப் பதிப்பின் பதிவில் அதைச் சேர்க்காமல் தனிப்பதிவே போடுகிறோம்.

மின்னூலுக்கு வரவு எண்ணும் வகைப்பாட்டு எண்ணும் தேவையா?

வரவு எண் தணிக்கைக்காக. உங்கள் நிதிப்பிரிவு கேட்டால் கொடுங்கள். வகைப்பாட்டு எண்ணைக் கட்டாயம் கொடுங்கள், எந்தத் துறைக்கு எவ்வளவு வாங்கினீர்கள் என்று தரமதிப்பீட்டுக் குழு கேட்கும்போது அது இல்லாமல் கணக்குச் சொல்ல முடியாது.

முறிந்த இணைப்புகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

கோஹாவோடு இணைப்புகளைச் சரிபார்க்கும் நிரல் ஒன்று வருகிறது. மார்க்எடிட்டிலும் அதே வசதி உண்டு. மாதம் ஒருமுறை இரவில் ஓடவிட்டால் காலையில் திறக்காத முகவரிகளின் பட்டியல் தயாராக இருக்கும். ஆனால் அது பக்கம் திறக்கிறதா என்றுதான் பார்க்கிறது, சரியான பக்கமா என்று பார்ப்பதில்லை. நின்றுபோன சிற்றிதழ் ஒன்றின் தளப் பெயரைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். அதை வேறு எவரோ வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போட்டுவிட்டார்கள். எங்கள் நிரல் மாதாமாதம் ‘நலம்’ என்றே அறிக்கை தந்துகொண்டிருந்தது. கடைசியில் வாசகர் ஒருவர்தான் தொலைபேசியில் சொன்னார்.

அதனால் கட்டணமில்லா வளங்களை, அவற்றிலும் தனிமனிதர்கள் நடத்தும் தளங்களை, ஆண்டுக்கொரு முறை ஆள் உட்கார்ந்து திறந்து பார்க்கிறோம். தளம் போய்விட்டால் இணைய ஆவணகத்தில் பழைய பக்கம் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடி, இருந்தால் அந்த முகவரியைப் போட்டு, ‘பழைய தளத்தின் சேமித்த வடிவம்’ என்ற குறிப்பையும் சேர்க்கிறோம்.

சந்தா முடிந்தவுடன் பதிவுகளை அழித்துவிட வேண்டுமா?

அன்றே அழிக்க வேண்டாம், அன்றே மறைத்துவிடுங்கள். கோஹாவில் மறைக்கும் வசதியை இயக்கிவைத்து, 942ஆம் புலத்தின் ‘என்’ துணைப்புலத்தில் 1 என்று இட்டால் பதிவு வாசகர் பார்வையிலிருந்து மறையும், பணியாளர் பக்கத்தில் இருக்கும். புதுப்பிப்பு ஆணை தாமதமாக வந்து, இரண்டு மாதத்தில் சந்தா மீண்டும் தொடங்குவது நம் அலுவலகங்களில் புதிதல்ல.

அழிப்பதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். சந்தா செலுத்திய ஆண்டுகளின் இதழ்களைப் பின்னரும் படிக்கும் உரிமையைச் சில ஒப்பந்தங்கள் தருகின்றன. அப்படி இருந்தால் பதிவு நிற்க வேண்டும். ‘3’ துணைப்புலத்தில் ‘இன்றுவரை’ என்று இருப்பதை மட்டும் கடைசியாகப் பணம் கட்டிய ஆண்டாக மாற்றிவிட்டு, அந்த ஆண்டின் ஓர் இதழையும் அதற்கடுத்த ஆண்டின் ஓர் இதழையும் வளாகத்திலிருந்து திறந்து பார்த்து, முதலாவது திறக்கிறது, இரண்டாவது திறக்கவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.